முன்சீட்டின் உறை

“மறக்க முடியலை அம்மா. ஒரு வழி சொல்லுங்க.”

கேட்டவர் தில்லைநாயகம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு ஞானாம்பாள் அவரைவிட வயதில் மிகவும் இளையவர். தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் சின்னதாக ஓர் ஆசிரமம் நடத்திவந்தார்.

ஞானாம்பாள் எழுந்து வெளியே போனார். மரத்தடியில் நின்ற தில்லைநாயகத்தின் காரைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காரப் போனார்.

“அங்கே வேண்டாம் அம்மா.”

குருவின் முன்னால் அவர் குரல் அதுவரை உயர்ந்ததில்லை.

அந்த சீட்டில்தான் அவர் மனைவி செண்பகவல்லியின் உயிர் போயிற்று. போன தை மாதம், நெஞ்சு வலிக்கிறது என்றவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வழியில், சாய்ந்தபடியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அங்கே யாரையும் அவர் உட்கார விடுவதில்லை. மகள் வந்தாலும் பின்சீட்டுதான். சாய்மானத்தின் உறையில் அவள் கூந்தல் எண்ணெய் படிந்திருந்தது. சில நாள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அதில் முகத்தை வைத்துக்கொள்வார்.

“இந்த உறையைக் கழற்றலாமா?” என்று கேட்டார் ஞானாம்பாள்.

“எதுக்கு அம்மா?”

“அழுக்கா இருக்கு.”

தில்லைநாயகத்தின் முகம் சுருங்கியது. ஆனாலும் தலை சாயும் திண்டை உருவி எடுத்தார். உறையை மேலே பிடித்து இழுத்தார். அசையவில்லை. பலமாக இழுத்தார். ஓரத்தில் தையல் விட்டது.

“வர மாட்டேங்குது.”

“எனக்கும் தெரியாது. கீழே எங்கேயாவது பிடிச்சிருக்கும், பாருங்க.”

பின்பக்கம் போய் மண்டி போட்டுக் குனிந்தார். சாய்மானத்தின் அடியில் தடவினார். இரண்டு பிளாஸ்டிக் பட்டிகள் ஒன்றையொன்று கவ்வியிருந்தன. நெம்பினார், விட்டுக்கொடுத்தது. உறையைச் சுருட்டிக்கொண்டு மேலே போனால் நடுவில் மறுபடி தடை. ஃபோமோடு சேர்த்துக் கம்பி வளையங்கள் போட்டிருந்தார்கள். காரில் கிடந்த குறடு ஒன்றை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டினார். வியர்வை கண்ணில் இறங்கியது. ஞானாம்பாள் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், தூங்குகிற பிள்ளைக்குச் சட்டையைக் கழற்றுவது போல, உறை முழுசாகக் கையோடு வந்தது.

உள்ளே மஞ்சள் ஃபோம். ஓரத்தில் கொஞ்சம் தூசி.

அதைத் தடவிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். கையை எடுத்ததும் பள்ளம் தானாக மேலெழுந்து சரியாயிற்று. குனிந்து முகர்ந்தார். ரப்பர் வாசனை.

“ஒண்ணுமில்லையே அம்மா.”

“என்ன இருக்கும்னு நினைச்சீங்க?”

கழற்றிய உறையை அவர் மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஞானாம்பாள் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உறைக்காகக் கை நீட்டவில்லை.

“அன்னைக்கு வழியில ரெண்டு பேரும் பேசிட்டுப் போனீங்களா?”

“நான்தான் பேசிட்டே ஓட்டினேன். தண்ணித் தொட்டி மூடி உடைஞ்சு கிடக்கு, திரும்பி வரும்போது புதுசா ஒண்ணு…” நிறுத்தினார். “அப்பதான் திரும்பி அவளைப் பார்த்தேன்.”

“பாதியிலே நின்னுபோச்சு.”

“ஆமா.”

“மீதியைச் சொல்லுங்க.”

தில்லைநாயகம் சீட்டைப் பார்த்தார். இரும்புச் சட்டமும் மஞ்சள் ஃபோமுமாக நின்றது. வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“யார்கிட்ட சொல்றது அம்மா? இங்கேதான் யாருமே இல்லையே.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார். ஞானாம்பாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு தில்லைநாயகமே உறையைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.