நாளை மறுநாள் வரும் எலக்ட்ரான்

அணுவினும் நுண்ணியனாய், அண்டத்தினும் பெரியனாய் நிற்கும் அம்பலவாணன் திருவடி வாழ்க.

இயற்பியல் பேராசிரியராய் இருந்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பர், எழுபதாம் வயதில் மங்கையர்க்கரசி அம்மையிடம் தீட்சை பெற்று மடத்தில் தங்கினார். அம்மை அவரினும் முப்பது ஆண்டு இளையவர்.

ஒரு மாலை, பையும் குடையுமாய் வந்து வணங்கி, ஊருக்குத் திரும்ப விடை கேட்டார்.

காரணம் என்னவென்று அம்மை வினவினார்.

"கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், தாயே."

கூடத்தின் கோடியில், இன்னும் ஏற்றாதிருந்த மின்கல விளக்கைக் காட்டினார். அதன் செப்புக் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டாராம். எலக்ட்ரான்களின் அடர்த்தி, கம்பியின் குறுக்குப் பரப்பு, ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் அதை வகுத்தாராம். கிடைத்தது, எலக்ட்ரானின் இழுப்புத் திசைவேகம், அதாவது கம்பிக்குள் அது நகரும் வேகம்.

மணிக்கு ஒரு சாண்.

"நத்தைகூடச் சிரிக்குமே, ஐயா."

"சிரிக்கட்டும். சுவிட்சிலிருந்து விளக்குவரை நாற்பது சாண். இப்போது கிளம்பும் எலக்ட்ரான் நாளை மறுநாள் காலையில்தான் போய்ச் சேரும். என் மனம் அதனினும் மந்தம். செபிக்க அமர்ந்தால், சம்பந்தியோடு போட்ட பழைய சண்டைக்குப் போய்விடுகிறது. இறைவனைச் சென்று சேர எனக்கு மிஞ்சிய ஆயுள் போதாது. மடத்துச் சோற்றை ஏன் வீணாக்க வேண்டும்?"

கணக்கில் பிழை உண்டா என்று அம்மை கேட்டார்.

இல்லை என்றார் அவர். திரும்பத் திரும்பச் சரிபார்த்தாயிற்று.

"நல்லது. சுவிட்சைப் போடுங்கள். அந்த எலக்ட்ரான் விளக்குக்கு வந்து சேரட்டும். வந்ததும் விடை தருகிறேன்."

ஆவுடையப்பர் சுவிட்சைப் போட்டார்.

கூடம் ஒளிர்ந்தது.

"வந்துவிட்டதா?"

"இல்லை, தாயே. மயிரிழை தூரம் நகர்ந்திருந்தால் அதிகம்."

"பின், விளக்கை ஏற்றியது யார்?"

"விளக்குக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள். சுவிட்சைப் போட்டதும் கம்பி நெடுக எல்லாம் ஒருசேர அசையும். அவை எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. முன்பே அங்கே..."

ஆண்டுதோறும் வகுப்பில் தடங்கலின்றிச் சொன்ன வரி. அன்று அதை முடிக்காமல், பையையும் குடையையும் கீழே வைத்தார்.

மாலைப் பூசைக்கு மணி ஒலித்தது. அம்மை எழுந்தார்.

ஆவுடையப்பர் அவருக்கு முன்னே விரைந்து சென்று பூக்கூடையை எடுத்தார்.

இதைச் செவிமடுத்தோர் நோயின்றி, மனக்குறையின்றி, நெடிது வாழ்க.