ஒன்பது பட்டை

லாரிக்கு அடியில் அதிர்வைத் தாங்குகிற கமான் பட்டை வேலையென்றால், சங்ககிரியில் செல்லாயியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுக்கு வயது நாற்பது. அவளிடம் தொழில் படிக்க வந்த அர்த்தநாரிக்கு ஐம்பத்தாறு. பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

ஒருநாள் மலையூர்க்காரர்கள் ஏலத்தில் எடுத்த பட்டாள லாரி ஒன்று பட்டறைக்கு வந்தது. மேலே ஆஸ்பத்திரி கிடையாது. நோயாளிகளைக் கீழே கொண்டுவர இந்த வண்டிதான். பின்தொட்டியின் இரும்புச் சுவரை வெட்டிப் படி வைத்தார்கள். உட்கார பெஞ்சு, படுக்க ஒரு பலகை. மறுநாள் காலை வண்டி மலையேற வேண்டும். அங்கே நிறைமாதக்காரி ஒருத்தி காத்திருந்தாள்.

"பின்னால பக்கத்துக்குப் பதினோரு பட்டை இருக்குதுங்ணா. நாலை உருவிட்டு ஏழு மாட்டுங்க. பட்டை கூடுனா வண்டி தூக்கித் தூக்கிப் போடும், குறைச்சாத்தான் மெத்துனு போகும்."

"நாலா? முறிஞ்சு போச்சுன்னா மேஸ்திரி?"

"அஞ்சு டன் பீரங்கிக் குண்டு ஏத்துன வண்டிண்ணா இது. இனி ஏறப்போறது ஏழெட்டுப் பேரு. முறியாது."

அர்த்தநாரி தலையாட்டினார். ஆனால் மனசு ஒப்பவில்லை. முன்பொரு பனிமலைப் பாதையில் அவர் ஓட்டிய வண்டியின் கமான் முறிந்து, பக்கத்தில் இருந்தவனுக்குக் கால் போயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். செல்லாயி சாப்பிடப் போன நேரத்தில் அவர் மாட்டியது ஏழு அல்ல, ஒன்பது.

திரும்பி வந்தவள் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தாள். பட்டைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிவிட்டு நிமிர்ந்தாள்.

கமான் மாட்டியவர்தான் முதல் ஓட்டத்தில் பின்னால் ஏற வேண்டும் என்பது அந்தப் பட்டறை வழக்கம். அர்த்தநாரி படியில் கால் வைத்தார்.

"இன்னைக்கு நீங்க ஓட்டுங்கண்ணா. நான் பலகையில படுத்துக்கறேன்."

"அதுவந்து மேஸ்திரி..."

"மலைப்பாதையில எப்படி விடுவீங்களோ அப்படியே விடுங்க."

கல் குவாரிப் பாதையில் வண்டியை விட்டார். பள்ளத்துக்குப் பள்ளம் பின்பக்கம் எகிறி எகிறி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவர் உயிர் போய்ப் போய் வந்தது. இப்போது முறியுமோ, இதோ முறியுமோ என்று காது முழுக்கக் கமானிலேயே இருந்தது. பின்னால் ஒருத்தி படுத்திருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

பட்டறைக்குத் திரும்பியதும் குதித்து இறங்கி வண்டிக்கடியில் நுழைந்தார். ஒவ்வொரு பட்டையாகத் தடவிப் பார்த்தார். எதிலும் ஒரு கீறல் இல்லை. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"மேஸ்திரி! ஒண்ணும் ஆகலைங்க!"

செல்லாயி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது. கீழுதடு கிழிந்து, ரத்தம் தாடை வரை வழிந்திருந்தது.

"ஆமாங்ணா," என்றாள். "பட்டைக்கு ஒண்ணும் ஆகல."