பிரிமனை மேல் சொம்பு

"இந்த மெஷின் இருக்கணுமா, நாங்க தியானத்துல உட்காரணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா."

இப்படிக் கேட்டவர் தர்மலிங்கம். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரிதான் பேசுவார்.

கேட்கப்பட்டவர் அங்கயற்கண்ணி அம்மா. வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனால் எங்கள் எல்லோருக்கும் குரு அந்த அம்மாதான். மதுரையில் அவர் வீட்டுக் கூடத்தில் தினமும் காலையில் ஆளுக்கொரு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடி உட்காருவோம்.

அம்மா தரையில்தான் உட்காருவார். குரு தரையில் உட்காரலாமா என்று தர்மலிங்கம் ஒரு பலகை செய்து கொண்டுவந்து போட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மெஷின் என்றால் பாத்திரம் கழுவும் மெஷின். சமையலறையில் இருக்கிறது. பாத்திரத்தை அடுக்கி அதை ஓட விட்டதும் நாங்கள் கண்ணை மூடுவோம்.

டொக். டொக். டொக்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சத்தத்தில் கடவுளே வந்து நின்றாலும் தெரியாது.

அந்த மெஷின் செல்லக்கனிக்காக வாங்கியது. அங்கே பாத்திரம் தேய்க்கிறவர். சோப்புத் தண்ணீரிலேயே கிடந்து விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. இனிமேல் பாத்திரம் தேய்த்தால் கை தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா மெஷினை வாங்கிப் போட்டு, அடுக்குவதும் எடுப்பதும் உன் வேலை, சம்பளம் அதேதான் என்றார். மெஷின் போனால் அந்தக் கை மறுபடி தண்ணீருக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் செல்லக்கனி வேலையை விட வேண்டும்.

தர்மலிங்கமும் சும்மா இருக்கவில்லை. அடியில் அட்டை மடித்து வைத்து ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தார். சல்லடையைக் கழற்றினார், ஒரு புளியங்கொட்டை வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டார். வந்த பையன் தட்டோடு ஓட்டினான், தட்டில்லாமல் ஓட்டினான். சத்தமே இல்லை. மெஷின் நல்லாத்தான் இருக்கு சார் என்று போய்விட்டான்.

மறுநாள் காலை, டொக்.

அதோடு பொறுமை போய்விட்டது. கடையில் பேசிவிட்டதாகவும், சாயங்காலம் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும் என்றும் சொன்னார். வாசலில் நின்ற செல்லக்கனி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார்.

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். தினமும் செய்கிற மாதிரியே செய்யுங்கள் என்றார். எங்கள் புலம்பலை எப்படிக் கேட்பாரோ அப்படித்தான் அதன் முன்னாலும் உட்கார்ந்திருந்தார். அந்தப் பொறுமைக்கே அவரைக் கும்பிடலாம்.

செல்லக்கனி தட்டு, டம்ளரையெல்லாம் அடுக்கிவிட்டு நகர்ந்தார்.

அப்புறம் தர்மலிங்கம் வந்தார். கையில் அம்மா தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் சொம்பு. அதை வேறு யாரும் தொட விடமாட்டார். மெக்கானிக் வந்த அன்றுகூட அவன் கை பட்டுவிடும் என்று எடுத்து ஒளித்து வைத்தவர்.

கீழ்த்தட்டின் நடுவில் ஒரு பிரிமனையை வைத்தார். பானை உருளாமல் இருக்க அடியில் வைப்போமே, அந்த வளையம். எச்சில் தட்டுகளோடு படாமல் அதன் மேல் உயரமாகச் சொம்பைக் கவிழ்த்தார். விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதவை மூடினார்.

டொக். டொக். டொக்.

அம்மா எழுந்து மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்தார். மேல்தட்டுக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சுற்றுகிற கை ஒன்று உண்டு. அதை ஒரு விரலால் மெதுவாகச் சுற்றினார்.

அது வந்து, கவிழ்த்ததால் மேலே தூக்கி நின்ற சொம்பின் அடியில் இடித்தது. டொக்.

தர்மலிங்கத்தின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பாவமாக இருந்தது.

அம்மா பிரிமனையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சொம்பைச் செல்லக்கனியின் டம்ளருக்கும் தர்மலிங்கத்தின் தட்டுக்கும் நடுவில் வைத்தார்.

"அம்மா, எச்சில் பாத்திரத்துக்கு நடுவுலயா?"

"அதுவும் எச்சில் சொம்புதானே சார்."

கதவை மூடினார். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. செல்லக்கனி முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்தார்.

தர்மலிங்கம் கடைக்கு போன் போட்டு வண்டி வேண்டாம் என்றார். பிரிமனை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கூடத்தின் பக்கம் பார்த்தார்.

"அம்மா, அப்ப அங்க நான் போட்ட பலகை?"

"அதுவும் இடிச்சுக்கிட்டுதான் சார் இருக்கு. இத்தனை நாளா எனக்கு மட்டும் கேட்டுச்சு."