பன்னிரண்டு நல்ல கைகள்

முன்னொரு காலத்தில் முத்துத்துறை என்ற கடலோர நாட்டை வீரசடையன் என்ற ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பான். மத்தியானம், அந்த யானை தன்னை முறைத்தது என்று சொல்லி ஆளையே நாடு கடத்துவான். அவன் வாயைத் திறந்தாலே அரண்மனையில் எல்லாரும் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள்.

ஒருநாள் வெள்ளைக்காரர்களின் கப்பல் ஒன்று துறைக்கு வெளியே வந்து நின்றது. பக்கத்துக்குப் பத்து பீரங்கி. கப்பல் தலைவன் ராஜாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினான். அதைப் படித்துச் சொல்ல நாட்டில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, துபாஷி நாகலிங்கம். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முந்நூறு சொல் இருந்தால் அதிகம். ஆனால் சபையில் அதைச் சரிபார்க்க யாரால் முடியும்?

துபாஷி கடிதத்தை விரித்தான். "மகாராஜா, சனிக்கிழமைக்குள்ள 'ட்வெல்வ் குட் ஹேண்ட்ஸ்' அனுப்பணுமாம்."

"அப்படின்னா?"

"பன்னிரண்டு நல்ல கைகள், மகாராஜா."

ராஜா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"கை எதுக்காம்?"

துபாஷிக்கு அடுத்த வரி ஓடவில்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவனுக்கு இல்லை. "அது அவங்க நாட்டு வழக்கம், மகாராஜா" என்றான்.

ராஜா பீரங்கிகளை நினைத்துக்கொண்டான். "வலக்கையா, இடக்கையா?"

"நல்ல கைன்னு போட்டிருக்கு. வலக்கையே அனுப்பிடலாம்."

"சரி. வெட்டி, உப்புப் போட்டு அனுப்புங்க. கெட்டுப்போச்சுன்னு அதுக்கொரு சண்டைக்கு வருவான். இதைப் பத்தி இனிமே எவனாவது கேள்வி கேட்டா அவனுக்கு நாக்கு இருக்காது!"

யார் யாருடைய கை என்று பட்டியல் போடும் வேலையும் துபாஷிக்கே வந்தது. தச்சன், தறிக்காரன், வீணை வாசிப்பவன் என்று பதினொரு பேரை யோசித்து யோசித்து எழுதினான். பன்னிரண்டாவதாக, யோசிக்காமலே, பவழாயி என்று எழுதினான். பவழாயி ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவள். அவள் பேச்சுக்கு ராஜா சிரிப்பது துபாஷிக்கு நெடுநாளாகவே ஆகாது.

ராஜா பட்டியலைக் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை வரைக்கும் இவ மடிக்கட்டும்" என்றான். அவன் காட்டிய கருணை அவ்வளவுதான்.

மற்றவர்களைக் கொட்டடியில் அடைத்தார்கள். பவழாயிக்கு மட்டும் கூடவே ஒரு காவலன். அவள் மடிக்கும் வெற்றிலையிலிருந்து பாக்கு நழுவி விழுந்தது. சோற்றைப் பிசையக் கையை வைத்தால், அந்தக் கையைப் பார்த்ததுமே அழுகை வந்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

வெள்ளிக்கிழமை காலை, காவலன் முற்றத்தைப் பார்த்துக் கத்தினான்: "டேய், அண்டாவைத் தூக்க ஒரு கை குறையுது, வாடா இங்கே!"

கூப்பிட்டதும் ஒருவன் ஓடிவந்தான். பவழாயி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே மந்திரியிடம் போனாள்.

"ஐயா, நாளைக்குக் காலையில ராஜாவோட சொக்கட்டான் ஆட வராதீங்க. வயித்துவலின்னு சொல்லி அனுப்புங்க."

"அது எதுக்கம்மா?"

"கேக்காதீங்க ஐயா. உங்க நாக்காவது மிஞ்சட்டும்."

சனிக்கிழமை விடிந்தது. வாசலில் இருளாண்டி கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அரண்மனையில் வெட்டு வேலைக்கு அவன்தான். அந்தச் சத்தம் கேட்காத மாதிரி ராஜா சொக்கட்டானை விரித்து உட்கார்ந்தான். எதிரே தளபதி, பக்கத்தில் துபாஷி. நாலாவது இடம் காலி.

"மந்திரிக்கு வயித்துவலியாம், மகாராஜா" என்றான் தளபதி.

"அடச்சே, ஒரு கை குறையுதே! பவழாயி, போய் ஒரு கை கொண்டு வா. உடனே!"

"உத்தரவு, மகாராஜா."

போனவள் தாம்பாளத்தோடும் இருளாண்டியோடும் திரும்பி வந்தாள். துபாஷி முன்னால் தாம்பாளத்தை வைத்து, "ஐயா, வலக்கையை நீட்டுங்க" என்றாள். இருளாண்டி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கத்தியை ஓங்கினான்.

"ஐயையோ!" என்று அலறினான் துபாஷி. "மகாராஜா கேட்டது ஆளை! கைன்னா ஆளுன்னு அர்த்தம்! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"நிறுத்து!" என்றான் ராஜா. கத்தி அந்தரத்தில் நின்றது.

"அப்ப வெள்ளைக்காரங்க கேட்ட கை மட்டும் எப்படி வெட்டுற கையாச்சு?" என்றாள் பவழாயி. "மகாராஜா, கடிதத்துல மிச்சத்தையும் படிக்கச் சொல்லுங்க. அப்புறம் என் நாக்கை வேணா எடுத்துக்குங்க."

துபாஷி மடியிலிருந்து கடிதத்தை எடுத்தான். மிச்சத்தைப் படித்தான். "மூட்டை ஏத்தணும்... அந்தக் கைகளுக்கு மூணு வேளைச் சோறும், படுக்க இடமும் கொடுப்போம்..."

"வெட்டின கை எங்கேயாவது சோறு தின்னுமா, மகாராஜா?" என்றாள் பவழாயி.

துபாஷி காலில் விழுந்தான். "அந்த ஒரு சொல்லுக்கு அவங்க பாஷையில ஏகப்பட்ட அர்த்தம், மகாராஜா! கடிகாரத்து முள்ளும் ஹேண்டு, கையெழுத்தும் ஹேண்டு, வேலையாளும் ஹேண்டு..."

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"முந்தாநாள். வீட்டுல வச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சப்ப புரிஞ்சுது. தப்பாச் சொல்லிட்டேன்னு ஒத்துக்கிட்டா என் மானம் போயிடுமேன்னு..."

ராஜாவுக்கு முகம் கறுத்தது. "உன் மானத்துக்குப் பன்னிரண்டு பேர் கையா? தளபதி, சுமை தூக்கப் பதினொரு பேரைக் கூலிக்குப் பிடி. பன்னிரண்டாவது கை இவன். முழுசாவே அனுப்பு."

கொட்டடியைத் திறந்துவிட்டார்கள். ராஜா தன் தங்கக் காப்பைக் கழற்றிப் பவழாயியின் கையில் போட்டான்.

"அவன் அலறாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டான்.

"இவரைக் கேளுங்க, மகாராஜா" என்று இருளாண்டியைக் காட்டினாள்.

"வெட்டியிருப்பியா?"

"வெட்டியிருப்பேன், மகாராஜா. உங்க உத்தரவுன்னு சொன்னாங்க."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"இதுவரைக்கும் கேட்டதில்லையே" என்றான் இருளாண்டி.

வீரசடையனுக்கு வாய் உலர்ந்துபோனது. தண்ணீர் கொண்டுவரச் சொல்ல நினைத்தான், சொல்லவில்லை. தானே எழுந்து போய், பானையில் மொண்டு குடித்தான்.