ஒட்டாத ரொட்டி

பெரம்பலூர்ப் பக்கம் யாரும் யாரையும் குரு என்று கூப்பிடுவதில்லை. மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். துணி தைப்பவரும் மாஸ்டர், டீ ஆற்றுபவரும் மாஸ்டர், கராத்தே சொல்லிக்கொடுப்பவரும் மாஸ்டர். காவி கட்டியவர்தான் குரு என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த மாஸ்டரின் பெயர் சவரிமுத்து. வயது முப்பத்திரண்டு. பன்னிரண்டு வருஷம் பேக்கரி அடுப்படியில் நின்றவர். மைதாத் தூசி நெஞ்சைப் பிடித்துக்கொள்ள, வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே நாலு பேருக்குக் கேக் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு.

அவரைத் தேடி வந்த சீடர் செங்கமலத்துக்கு நாற்பத்து நான்கு வயது. பேச்சு அதைவிடக் குறைவு. ஒரு புதன்கிழமை காலையில் மஞ்சள் பையோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாஸ்டர், ரொட்டி சுடக் கத்துக்குடுங்க."

"எந்த மாவுல?"

"மக்காச்சோளத்துல."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்குக்கா?"

"எம் பொண்ணுக்கு."

மகள் பூவிழிக்கு ஒன்பது வயது. ஆறு வயதுக் குழந்தையின் எடைதான் இருந்தாள். திருச்சி டாக்டர் ரத்தம் எடுத்து, குடலைப் பார்த்து, கடைசியில் சொன்னார்: கோதுமையில் ஓர் ஒட்டுப் பசை இருக்கிறது, குளூட்டன் என்று பேர், அது இவள் குடலை அரிக்கிறது. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பன் எதுவும் ஆயுசுக்கும் கூடாது. ஒரு துணுக்குகூடக் கூடாது.

சோறு இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். செங்கமலமும் மகளிடம் அப்படித்தான் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பன்னைப் பிட்டுப் பிட்டுக் கூட்டாளிகளுக்குக் கொடுக்கிறார்கள் என்றாள் பூவிழி. "சோத்தைப் பிட்டுக் குடுக்க முடியாதும்மா. எனக்குப் பிட்டுக் குடுக்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

அந்த ஒன்றுக்காகத்தான் செங்கமலம் வந்திருந்தாள்.

"ஆனா மாஸ்டர், பார்த்தா கோதுமை மாதிரியே இருக்கணும். கடை பன்னுன்னு சொன்னா நம்பணும்."

"யாரு நம்பணும்?"

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன்."

அண்ணனின் பெயர் துரைக்கண்ணு. தீவனக் கடை வைத்திருந்தார். அப்பன் இல்லாத வீட்டில் தம்பி இளங்கோவைத் தோளில் தூக்கி வளர்த்தவர். பூவிழி என்றால் அவருக்கு உயிர். அந்த உயிர்தான் வினையாக வந்தது. கோதுமை தின்றால் பலம் வரும், டாக்டர்கள் பயம் காட்டிப் பிழைக்கிறவர்கள் என்பது அவர் கட்சி. ஞாயிறுதோறும் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வருவார். போன சித்திரையில், "ஒரு வாய்தானே" என்று தன் கையாலேயே ஊட்டிவிட்டார். பூவிழி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அது வெயில் கொடுமை என்றார் அவர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூவிழிக்குப் பிறந்தநாள். "எல்லார் முன்னாடியும் நானே ஊட்டறேன், என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

செங்கமலம் பதினெட்டு வருஷத்தில் அவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. அவர் எள் என்றால் இவள் எண்ணெயாக நிற்பாள். அதனால் ஒரு தந்திரம் யோசித்திருந்தாள். சோள ரொட்டியைக் கடை பன் என்று சொல்லி வைத்துவிடுவது. பிள்ளை தின்பதைப் பார்த்து மனுஷன் குளிர்ந்து போய்விடுவார். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை.

மாஸ்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டு நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

"சுட்டுப் பார்த்தீங்களா?"

அவள் பையிலிருந்து வெள்ளையாக ஒரு கட்டியை எடுத்தாள். மாஸ்டர் அதை வாங்கி நிலைக்கதவில் தட்டினார். டக்கென்றது.

"இது என்ன மாவு?"

"கார்ன்ஃப்ளோர் பாக்கெட்டு. சோள மாவுன்னு போட்டிருந்துச்சு."

"உங்க காட்டுல மக்காச்சோளம் என்ன நிறம்?"

"மஞ்சள்."

"இது?"

அவள் வெள்ளைக் கட்டியைப் பார்த்தாள். மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் விதைப்பவள் அவள். அந்த ஊரே விதைக்கும். பச்சைக் கதிரைச் சுட்டுத் தின்பதோடு சரி, காய்ந்தது முழுக்கக் கோழிப் பண்ணைக்குப் போய்விடும். காய்ந்த மணியை மனுஷர் தின்னலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதே இல்லை.

"இது சூப்பு கெட்டியாகப் போடுற கஞ்சி மாவுக்கா. பாக்கெட்டைக் கேட்டீங்க, உங்க காட்டைக் கேக்கலையே."

செங்கமலம் வாசற்படியில் கால் வைத்தாள். மாஸ்டர் கையை நீட்டி மறித்தார்.

"உள்ள வராதீங்க. இந்த வீட்டுச் சுவரெல்லாம் மைதா, அதுவும் கோதுமைதான். உங்க வீட்டுல சுடுங்க. நான் குளிச்சு, வேற சட்டை போட்டுக்கிட்டு வர்றேன்."

மறுநாள் அவர் வந்தபோது மஞ்சள் மாவு தயாராக இருந்தது. காலையிலேயே மில்லில் அரைத்துக்கொண்டு வந்திருந்தாள். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாஸ்டர் மாவைத் தொடவில்லை.

"மில்லுல உங்களுக்கு முன்னாடி யார் அரைச்சாங்க?"

"வாத்தியார் வீட்டுல."

"என்ன அரைச்சாங்க?"

செங்கமலத்தின் பெருமை அங்கேயே வடிந்தது. "கோதுமை" என்றாள். பிறகு மெதுவாக, "ஒரு பிடிதானே மாஸ்டர் கலந்திருக்கும்?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரரோட அண்ணனும் ஒரு வாய்தானேன்னுதானே சொன்னாரு?"

அவள் மாவைக் கொல்லையில் கொட்டினாள். அன்றைக்குக் கோழிகளுக்கு விருந்து.

புது மிக்ஸி ஜார் வந்தது. பழைய சல்லடை கோதுமை சலித்தது என்பதால் புதுச் சல்லடையும் வந்தது. மணியை மூன்று முறை அரைத்து மூன்று முறை சலித்தாள். மோரில் ஊற வைத்து, முட்டை உடைத்து ஊற்றி, நாட்டுச் சர்க்கரையும் உப்பும் ஆப்ப சோடாவும் சேர்த்தாள். வீட்டில் ஓவன் கிடையாது. பெரிய குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே எண்ணெய் தடவிய தட்டை இறக்கினாள். முக்கால் மணி நேரத்தில் வீடு முழுக்க ஒரு வாசனை வந்தது. அந்த வாசனையை அந்த வீடு அதற்குமுன் அறியாது.

ரொட்டி பொன்னிறமாக எழும்பியிருந்தது. செங்கமலம் ஆசையாகப் பிட்டாள்.

பொலபொலவென்று உதிர்ந்தது.

"மாஸ்டர், ஒட்டவே மாட்டேங்குதே?"

"ஒட்டுற பசையைத்தானே வேண்டாம்னு விட்டுட்டோம்."

"ஒட்ட வைக்க வேற எதுவும் இல்லையா?"

"இருக்கு."

"என்னது?"

"இப்ப வேண்டாம்."

செங்கமலத்துக்கு எரிச்சலாக வந்தது. தெரிந்த வித்தையை மூடி வைக்கிற மனுஷன் என்ன மாஸ்டர் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை முட்டையைக் கூட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை மோருக்குப் பதில் தயிர் ஊற்றினாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. பூவிழி மட்டும் உதிர்ந்ததையெல்லாம் கிண்ணத்தில் அள்ளிப்போட்டு, கரண்டியால் தின்று தீர்த்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் செங்கமலம் மறுபடி கேட்டாள்.

"நாளைக்கு என்ன மாஸ்டர் செய்யறது?"

"இதையே சுடுங்க."

"இதைக் கடை பன்னுன்னு எவன் நம்புவான்? எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்க சிரிச்சாப் பிள்ளைக்கு வயிறு வலிக்காது."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே துரைக்கண்ணு வந்துவிட்டார். ஒரு கையில் பூவிழிக்குப் பாவாடை சட்டை, இன்னொரு கையில் தேங்காய் பன் பொட்டலம். பங்காளிகள் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் வாசல் பக்கம் சுவரோடு சாய்ந்து நின்றார்.

செங்கமலம் ரொட்டித் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பொய்யை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். ஆனால் துரைக்கண்ணு கை வைத்ததுமே ரொட்டி உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததைப் பார்த்தபிறகு எந்தப் பொய்யும் நிற்காது.

"என்னதும்மா இது?"

"மக்காச்சோள ரொட்டி மாமா."

"மக்காச்சோளமா?" அவர் வேட்டியில் சிந்திய தூளைத் தட்டிவிட்டுக் கூடத்தைப் பார்த்துச் சிரித்தார். "நான் மூட்டை மூட்டையாக் கோழிக்கு அனுப்பறேன், இவ வீட்டுல புள்ளைக்குப் போடறா! டேய் இளங்கோ, உம் பொண்ணைப் பண்ணையில விட்டுட்டு வந்துடலாமாடா?"

கூடம் சிரித்தது. இளங்கோ தரையைப் பார்த்தான். பூவிழி அம்மாவைப் பார்த்தாள்.

துரைக்கண்ணு பொட்டலத்தைப் பிரித்து ஒரு பன்னை எடுத்தார். பஞ்சாக இருந்தது. ஒரு துண்டைப் பிய்த்து, "வாடி என் தங்கம், பெரியப்பா ஊட்டறேன்" என்று பிள்ளையின் வாயருகே கொண்டுபோனார். அந்தக் குரலில் இருந்தது முழுக்கப் பாசம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பூவிழி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒரு வாய்தானே" என்றார் அவர்.

அடுத்த கணம் அவர் மணிக்கட்டு செங்கமலத்தின் கையில் இருந்தது.

கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பதினெட்டு வருஷமாக அவர் முன்னால் கதவுக்குப் பின்னே நின்றவள் அவள். இன்றைக்குப் பிடியை விடவில்லை.

"வேண்டாம் மாமா."

"கையை விடு."

"பன்னைக் கீழ வைங்க. விடறேன்."

"நான் இவளுக்கு விஷமா வைக்கிறேன்?"

"ஆமா மாமா. நமக்கு அது சாப்பாடு. இவளுக்கு விஷம்தான். அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில நான்தான் உக்காந்திருந்தேன். நீங்க வெயிலுன்னு சொன்னீங்க, நானும் தலையாட்டினேன். இனிமே ஆட்ட மாட்டேன்."

துரைக்கண்ணுவின் முகம் சிவந்தது. பன்னைப் பொட்டலத்தில் போட்டு எழுந்தார்.

"தூக்கி வளர்த்தவனை இன்னைக்கு விஷம் வைக்கிறவன் ஆக்கிட்டீங்க. இனி எனக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை."

சொல்லிவிட்டு யாரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார். பங்காளிகளும் ஒவ்வொருவராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பாவாடை சட்டை மட்டும் பாயில் கிடந்தது.

இளங்கோ கொஞ்ச நேரம் வாசலையே பார்த்திருந்தான். பிறகு தட்டருகே குனிந்து, பாயில் சிந்தியிருந்த தூளைக் கூட்டி வாயில் போட்டுக்கொண்டான். "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

பூவிழி இரண்டு கையிலும் ரொட்டியை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"மாஸ்டர் மாமா, பிட்டுக் குடுக்க வரல. அள்ளிக் குடுத்தா வாங்கிப்பீங்களா?"

மாஸ்டர் இரு கையையும் சேர்த்து நீட்டி வாங்கித் தின்றார்.

செங்கமலம் அவர் எதிரே வந்து நின்றாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ரொட்டியும் ஒட்டல, உறவும் ஒட்டல. ஒட்ட வைக்க ஏதோ இருக்குன்னீங்களே, இப்பவாவது சொல்லுங்க."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். பிரித்தாள். வயிறு இளக மருந்துக் கடையில் விற்கிற இசப்கோல் உமி.

"ரெண்டு கரண்டியைத் தண்ணியில குழைச்சு மாவுல சேருங்க. நல்லாப் பிட்டுக் குடுக்க வரும். பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போகலாம்."

"இது புதன்கிழமையே உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் குடுக்கல?" செங்கமலம் அன்றைக்கு இரண்டாம் முறையாக ஓர் ஆம்பிளையிடம் குரலை உயர்த்தினாள். "குடுத்திருந்தா கடை பன்னுன்னு சொல்லி வெச்சிருப்பேன். புள்ளை திங்கறதைப் பார்த்து அவரும் நம்பியிருப்பாரு!"

"நம்பியிருப்பாரு" என்றார் மாஸ்டர். "கோதுமை தின்ன பிறகும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு. அடுத்த ஞாயித்துக்கிழமை அவர் கையை யாருக்கா புடிச்சிருப்பா?"