காது நுனியில் ஒரு துளி

"செத்த மாட்டை வெட்டிப் பார்த்து, பத்தே நிமிஷத்துல நோயோட பேரைச் சொல்லிட்டேன். அதுக்குப் போய் விளக்கம் கேட்டுக் கடிதமா மேடம்?"

டாக்டர் கோதண்டம் பொரிந்து தள்ளினார்.

கால்நடை ஆய்வுக்கூடத்தின் தலைவி பரக்கத் நிஷா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். புதுக் கருவியைப் பழக அவரிடம்தான் கோதண்டம் வந்திருந்தார். இந்த வயதில் மாணவனாக உட்காருவது லேசில்லை. அதனால் குரல் கொஞ்சம் ஏறியே இருந்தது.

"செத்த மாட்டு மூக்குல ரத்தம் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு. கறுப்பா, உறையாம."

"அடைப்பான், அதான் ஆந்த்ராக்ஸ்னு சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு."

"அப்ப காது நுனியில ஒரு துளி போதுமே. வெட்டினா காத்து படும். காத்து பட்டா அந்தக் கிருமி விதை மாதிரி ஓடு கட்டிக்கிட்டு, சாகாம மண்ணுல கிடக்கும்."

"படிச்சிருக்கேன். ஒரு துளியில முடிவு தப்பாயிட்டா? வயித்தைத் திறந்து மண்ணீரலை எடுத்தேன். அப்புறம் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சாச்சு. மூணு வாரம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே!"

நிஷா எழுந்தார்.

பூட்டிய அலமாரியிலிருந்து, மெழுகு வைத்து மூடிய சின்னப் புட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு சிட்டிகை மண். கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறைக் கையை விட்டு, அதைக் கிருமி வளர்க்கும் தட்டில் தூவினார்.

"நாளைக்கு வாங்க சார்."

மறுநாள் கோதண்டம் தட்டைக் குனிந்து பார்த்தார். சிக்கு விழுந்த நரைமுடி மாதிரி தட்டெல்லாம் ஏதோ வளர்ந்து கிடந்தது.

அதில் துளி எடுத்துப் புதுக் கருவியில் வைத்தார். பத்து நிமிடம்.

அடைப்பான்.

"எந்த மாடு மேடம் இது?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி செத்தது."

"யார் வெட்டினா?"

"எங்க வாப்பா. அவரும் மாட்டு டாக்டர்தான். அவருக்கும் அவசரம்."

கோதண்டம் எழுந்து வெளியே ஓடினார். மாட்டுக்காரி செவந்தியைப் போனில் பிடித்தார்.

"செவந்தி, மாட்டை வெட்டின இடத்துப் பக்கம் யாரும் போகலையே?"

"ஏன் சார்? மழைக்கு அங்க மட்டும் புல்லு கருகருன்னு வந்திருக்கு. ஏழு ஆட்டையும் அங்கதான் கட்டினேன்."

"உடனே அவுத்துடு!"

"ஒண்ணு காலையில செத்துப்போச்சு சார். மூக்குல அதே கறுப்பு ரத்தம்."

"தொடாதே! நான் வர்றேன்."

"நீங்க சிரமப்பட வேணாம் சார். அன்னிக்கு நீங்க வெட்டினதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன்ல? அதே மாதிரி வெட்டி, அந்தக் கறுத்த மண்ணீரலை டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்."