ராணியைப் பார்க்காத வெளிச்சம்

வேங்கைமலை சமஸ்தானத்து ராஜா பூவராகருக்கு ஒரு வியாதி வந்தது. கல்கத்தாவிலிருந்து மரப்பெட்டியில் வந்தது. பெட்டியைத் திறந்தால் ஒரு கேமரா. அதன் பக்கவாட்டில் சின்னத் தாம்பாளம் மாதிரி பளபளப்பாக ஒரு வட்டம், நடுவில் பல்பு. அதற்குப் பெயர் பிளாஷ் என்றார்கள்.

அன்றோடு அரண்மனையில் எல்லோருடைய நிம்மதியும் போயிற்று. எதிரே யார் வந்தாலும் "அசையாதே!" என்று ராஜா கத்துவார். பளீர்! அகப்பட்டவனுக்குக் கண் இருட்டிவிடும். சேனாதிபதி ஒரு தூணில் மோதி, "மன்னிக்கணும் அம்மா" என்று அதனிடம் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

படங்கள் அதைவிட மோசம். முகமெல்லாம் அரிசி மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெளுத்திருக்கும். மூக்கு நுனி மட்டும் மின்னும். பின்னால் சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல், ஆளைக் கூட்டிப்போக வந்த எமதூதன் போல நிற்கும்.

"ஆகா, தத்ரூபம்!" என்பார் திவான் அனந்த ராவ். ராஜா தும்மினாலும் அதில் ராகம் கண்டுபிடிக்கிறவர் அவர்.

ஆஸ்தான விகடகவி சடகோபன் மட்டும் படத்தைக் கையில் வாங்கி, "காகிதம் நல்ல கெட்டி, மகாராஜா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

ஒருநாள் ராஜா, ராணி கனகவல்லியைப் படம் எடுத்தார். ராணி அதை வாங்கிப் பார்த்தாள்.

"இது யார்?"

"நீதான், தேவி."

"நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே!"

அடுத்த நிமிடம் ராணியின் பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. பிறந்த வீட்டுக்குப் போக மோட்டார் கார் தயாராயிற்று. ராஜா கெஞ்சினார், கொஞ்சினார். கடைசியில் ராணி ஒரு நிபந்தனை போட்டாள்.

"இன்னொரு படம் எடுங்கள். அந்த பிளாஷ் என்னைப் பார்க்கவே கூடாது. ஆனால் அதன் வெளிச்சம்தான் என் முகத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் இருக்கிறேன். முடியாவிட்டால், நீங்களும் உங்கள் கேமராவும் குடும்பம் நடத்துங்கள்."

ராஜா சபைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். திவானுக்கு இது வாராது வந்த வாய்ப்பு. சடகோபனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"இதற்கா கவலை? சடகோபனிடம் ஒப்படையுங்கள், மகாராஜா. சாயங்காலத்துக்குள் முடிக்காவிட்டால் அதே காரில் அவனையும் ஏற்றி எல்லையில் இறக்கிவிட்டால் போகிறது."

"சரியான யோசனை!" என்றார் ராஜா.

எதைச் சொல்லியும் சமாளிக்கிற வாய் சடகோபனுக்கு உண்டு. ஆனால் கேமராவிடம் எதைப் பேசுவது? வெளித் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

அங்கே ஜன்னலருகே திவான் தன் புது அங்கவஸ்திரத்தை விரித்து மடித்துக்கொண்டிருந்தார். வெயில் அந்த வெள்ளைத் துணியில் விழுந்து, அங்கிருந்து அவர் முகத்தில் படர்ந்தது. சடகோபன் அப்படியே நின்றுவிட்டான். திவான் முகம் லட்சணமாக இருந்தது! திவான் முகத்தையே லட்சணமாக்குகிற வெளிச்சம் ராணி முகத்தை என்ன செய்யாது?

"என்னய்யா முறைக்கிறாய்?" என்றார் திவான்.

"ரசிக்கிறேன், சுவாமி. சாயங்காலம் இதே அங்கவஸ்திரத்தோடு வாருங்கள்."

சாயங்காலம் ராணி சபைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. சடகோபன் முதலில் நாற்காலியைச் சுவரைவிட்டுத் தள்ளி முன்னால் போடச் சொன்னான். பிறகு ராஜாவிடம், "இந்த பிளாஷ் கேமராவை விட்டுக் கழன்று வருமா?" என்று கேட்டான்.

"வரும். ஒயர் நீளம்தான்."

"அப்படியானால் கழற்றுங்கள். திவான் அவர்களே, ராணியம்மாவுக்குப் பக்கவாட்டில் நின்று அங்கவஸ்திரத்தைத் திரைபோல விரித்துப் பிடியுங்கள். இன்னும் உயரமாக."

"நான் திவான்! கொடிக்கம்பம் இல்லை!"

"பிடியும் ஓய்!" என்று ராஜா அதட்டினார். திவான் பிடித்தார்.

சடகோபன் பிளாஷைத் துணியின் பக்கம் திருப்பினான். "ராணியம்மா, இது உங்களைப் பார்க்கிறதா?"

"இல்லை. திவானைப் பார்க்கிறது."

"பாவம் பிளாஷ். மகாராஜா, எடுங்கள்!"

பளீர்! வெளிச்சம் துணியில் மோதி, வெண்ணெய்போல வழிந்து ராணியின் முகத்தில் இறங்கியது. ராணி கண்ணைக்கூட இடுக்கவில்லை.

ராஜா இருட்டறைக்கு ஓடிப்போய்ப் படத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு கன்னத்தில் இளங்காலை மாதிரி வெளிச்சம். மறு கன்னத்தில் மெல்லிய நிழல். கண்ணில் ஒரு சின்ன மினுக்கல். எமதூதனைக் காணோம். ராணி வெகுநேரம் பார்த்தாள்.

"காரை ஷெட்டில் விடச் சொல்லுங்கள்" என்றாள்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. விரலிலிருந்த வைர மோதிரத்தைக் கழற்றிச் சடகோபன் கையில் போட்டார். "இந்த வித்தையை எங்கே கற்றாய்?"

"இந்தச் சபையில்தான், மகாராஜா. நேராக முகத்தில் அடித்தால் யாருக்கும் கூசும். உண்மையை நாங்கள் யாராவது உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறோமா? வேறெங்கோ பார்த்துச் சொல்வோம். அது உங்களிடம் பதமாக வந்து சேரும். அந்த நாகரிகத்தைத்தான் பிளாஷுக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

ராஜா புருவத்தை நெரித்தார். "அப்படியா? என்னுடைய பழைய படங்களைப் பற்றி உன் உண்மையான அபிப்பிராயம் என்ன? சொல்!"

சடகோபன் ராஜாவுக்கு ஒரு கும்பிடு போட்டான். பிறகு மெதுவாகத் திரும்பி, இன்னும் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த திவானைப் பார்த்துச் சொன்னான்:

"படுமோசம், திவான் அவர்களே!"

முதலில் ராணி சிரித்தாள். அவள் சிரித்துவிட்டதால் ராஜாவும் சிரித்தார். ராஜா சிரித்துவிட்டதால், "ஆகா, தத்ரூபம்!" என்றார் திவான்.